பின்னே நிற்பவர்

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து துணை செய்பவர் என்பன அந்நான்கு. பள்ளியில் அக்குறளை மனப்பாடம் செய்த நாளில் அதில் ஐயம் எழுவதற்கு இடமிருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. பல ஆண்டுகள் கழித்து, தலைநகரின் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றின் தாழ்வாரத்தில் ஓரிரவு முழுதும் நின்றிருந்தபோதுதான் அந்த ஐயம் எழுந்தது. மருத்துவத்தை இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் மருத்துவரை இந்நான்கனுள் எதில் வைப்பது? நோயாளியின் கண்ணுக்கு அவர் நோய் தீர்ப்பவர். அவருடைய ஆசிரியரின் கண்ணுக்கு அருகிருந்து ஏவல் செய்பவர். தனிமையில் தம்மை எண்ணிப் பார்க்கும்போதோ அவர் இரண்டும் அல்லர், மாணவர்.

எம்.பி.பி.எஸ். முடித்து, நுழைவுத் தேர்வில் தேறி, எம்.டி. அல்லது எம்.எஸ். பட்டத்திற்காக மூன்றாண்டுகள் பயில்பவர்களைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே அவர்களை ரெசிடெண்ட் டாக்டர் என்று அழைப்பர். இவர்கள் முழுநேரமும் மருத்துவமனையிலேயே பணிபுரிய வேண்டும் என்பதும், பொறுப்பு படிப்படியாக உயர்த்தி அளிக்கப்பட வேண்டும் என்பதும் இந்திய மருத்துவக் கழகத்தின் 2000ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே சொல்லப்பட்டவை. நாட்டின் பெரிய அரசு மருத்துவமனைகளில் இரவு நேரம் என்பது ஏறத்தாழ முழுவதும் இவர்கள் கையில்தான் இருக்கிறது. பேராசிரியர் காலையில் வருவார். அதுவரை இருப்பவர்கள் இவர்களே.

2017ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், எங்களோடு வந்து தங்கியிருந்த என் தந்தையார் மூன்று நாள் காய்ச்சலுக்குப் பின் பேச்சுத் தடுமாறினார். என்னையே யாரென்று வினவினார். அன்றிரவு அவரைச் சேர்த்த இடத்தில், மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்கள். ஒரு படிவத்தை நீட்டினார்கள். படிவங்களோடு வாழ்க்கை நடத்துபவன் நான். ஆயினும் படித்துப் பார்க்காமலே கையொப்பமிட்டேன். ஊசியைச் செலுத்தப்போகிறவர் யார் என்பது அப்படிவத்தில் இல்லை என்பதைப் பின்னரே எண்ணிப் பார்த்தேன்.

வந்தவள் ஓர் இளம்பெண். என் தமக்கை மகளின் வயதுதான் இருக்கும். தந்தையாரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, "பாபா, அசையாமல் இருங்கள்" என்று இந்தியில் அன்போடு சொன்னாள். முதல் முறை ஊசி எலும்பில் முட்டியது. இரண்டாம் முறையும் அவ்வாறே. தந்தையார் தமிழில் தம் தாயை அழைத்து முனகினார். எங்கள் பாட்டி இறந்து முப்பதாண்டுகள் ஆகியிருந்தன. அப்பெண்ணின் நெற்றி வியர்த்திருந்ததையும் விரல் நடுங்கியதையும் கண்டேன். "இதற்கு முன் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்று கடுமையாகக் கேட்டுவிட்டேன். அவள் பொய் சொல்லவில்லை. "நான்கு பேருக்கு" என்றாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, "மூன்றாம் முறை நானாக முயலமாட்டேன், என் சீனியரை அழைக்கிறேன்" என்று வெளியே சென்றாள்.

பத்து நிமிடத்தில் அவர் வந்தார். ஊசி அவர் கைக்கு மாறும், எல்லாம் முடியும் என்று நான் மூச்சுவிட்டேன். அவரோ ஊசியைத் தொடவில்லை. என்னை அழைத்துத் தந்தையாரின் முழங்கால்களை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். முதுகு வில்லாக வளைந்தது. அப்பெண்ணை மீண்டும் கையுறை அணியச் செய்து, அவள் பின்னே நின்று, அவளுடைய கட்டைவிரல் இருந்த இடத்தைப் பார்த்து, அரை விரற்கடை கீழே என்றார். அவ்வளவே. ஊசி சென்றது. நீர் துளித்துளியாகக் குழாயில் இறங்கியது. அதன் பயனாக நோய் இன்னதென்று தெளிந்து, தந்தையார் மூன்று வாரத்தில் வீடு திரும்பினார். மேலும் நான்காண்டுகள் இருந்தார்.

விடியற்காலையில் தேநீர்க் கடையருகே அம்மூத்த மருத்துவரைக் கண்டேன். நன்றி சொன்னேன். உடனே, நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்ததையும் கேட்டேன்: "தாங்களே செய்திருக்கலாமே?" அவர் சற்றும் சினக்கவில்லை. "நான் செய்திருந்தால் உங்கள் தந்தைக்கு ஒரு நிமிடம் வலி குறைந்திருக்கும். நாளை இரவு நான் இங்கு இல்லை. அவள் இருப்பாள், வேறொருவருடைய தந்தையும் இருப்பார்" என்றார்.

மறுக்க முடியாத மறுமொழி. ஆனாலும் அன்றுமுதல் இன்றுவரை அது என்னை முழுதும் அமைதிப்படுத்தவில்லை. நாளை வரும் ஒருவருக்காக இன்று வந்தவர் வலி பொறுக்க வேண்டும் என்பது தியாகம். தியாகம் என்பது செய்பவர் அறிந்து செய்வது அன்றோ? என் தந்தையார் அறியார். அவரைக் கேட்டவர் எவரும் இலர். அவருக்காகக் கையொப்பமிட்ட நானும் அறியேன்.

நோயாளியின் உடலில் கற்காமல் மருத்துவம் கற்க இயலாது என்பதை வாதிட வேண்டியதில்லை. இப்போது செயற்கை உருவங்களில் பயிற்சி அளிக்கிறார்கள், நல்லதே. ஆயினும் எத்தனை பொம்மைகளில் பழகினாலும், உயிருள்ள ஒருவர்மீது முதன்முறையாகக் கை வைக்கும் ஒரு நாள் ஒவ்வொரு மருத்துவருக்கும் உண்டு. அந்த ஒருவர் யார் என்பதே வினா. அந்நாளில் பின்னே நிற்பவர் யார் என்பது அதனினும் பெரிய வினா.

இம்முறையின் தொடக்கத்தைச் சற்று நோக்கலாம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவர், ஜெர்மானிய மருத்துவமனைகளில் தாம் கண்ட முறையைப் பின்பற்றி, இளம் மருத்துவர்களை மருத்துவமனையிலேயே தங்கவைத்து ஆண்டுக்கணக்கில் பயிற்றினார். குடியிருப்பவர் என்னும் பொருளுடைய ரெசிடெண்ட் என்ற சொல்லுக்கு அங்கே முழுப்பொருள் இருந்தது. பொறுப்பைப் படிப்படியாக ஏற்றுதல் என்னும் கொள்கையும் அங்கு உருப்பெற்றதே. ஒரு செய்தியை மட்டும் பலர் சொல்லாது விடுவர். மரத்துப்போகச் செய்யும் மருந்தாகக் கொக்கேயினைத் தம்மீதே சோதித்து அதற்கு அடிமையாகி, பின்னர் மார்ஃபினுக்கும் அடிமையான ஹால்ஸ்டெட், அடிக்கடி மருத்துவமனைக்கு வராதிருந்தவர். அவருடைய மாணவர்கள் பெற்ற தன்னுரிமையில் ஒரு பகுதி ஆசிரியர் மனமுவந்து அளித்தது. மற்றொரு பகுதி அவர் இல்லாமையால் வாய்த்தது. கற்பவனை நம்பி விலகி நிற்பதும், வெறுமனே இல்லாமற்போவதும் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தோன்றும். இப்பயிற்சி முறை பிறந்த இடத்திலேயே அக்குழப்பமும் பிறந்துவிட்டது.

குழப்பத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்? பொதுப் பிரிவில் படுத்திருப்பவர்கள். வசதியுள்ளோர் பெரிய மருத்துவரின் பெயரைச் சொல்லிக் கேட்டு, அவரே தொட வேண்டுமென்று பணம் கட்டுகிறார்கள். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் இரவு ரயிலில் வந்து, மருத்துவமனை வாயிலின் நடைபாதையில் படுத்து, காலையில் சீட்டு வாங்குவோர்க்கு அவ்வுரிமை இல்லை. அவர்கள் உடலில் ஒரு தலைமுறை மருத்துவர்கள் கற்கிறார்கள். கற்ற கைகளுட் பல வேறிடம் போகின்றன. நன்னூலார் நல்லாசிரியர் அல்லாதார்க்கு உவமை கூறும்போது முடத்தெங்கைச் சொல்வார். நீர் ஊற்றி வளர்த்தவன் தோட்டத்தில் நிற்கும் தென்னை, வளைந்துபோய் அயலான் தோட்டத்தில் காய் உதிர்க்கும். ஆசிரியரைக் குறித்துச் சொன்ன உவமையை ஒரு மருத்துவ அமைப்பு முழுமைக்கும் பொருத்திப் பார்க்கும் காலம் வரும் என்று பவணந்தியார் எண்ணியிருக்கமாட்டார்.

இளம் மருத்துவர்களைக் குறை கூற இதை எழுதவில்லை. அவர்கள் எங்குச் சென்று பிழைக்க வேண்டுமென்று விதிக்க நான் யார்? நாமே பிழைப்பைத் தேடி ஊரைவிட்டு வந்தவர்கள்தாமே. ஏழை நோயாளி தம்மையறியாமல் கொடுக்கும் கொடைக்கு அந்த வார்டிலேயே, அந்த நாளிலேயே திருப்பித் தரத்தக்கது ஒன்று உண்டு என்பதே என் கருத்து. கற்பவனின் பின்னே கற்றவர் நிற்பதுதான் அது. பணக்கார நோயாளி விலைக்கு வாங்குவதை ஏழை நோயாளிக்குக் கடனாகச் செலுத்த வேண்டியவர் மேற்பார்வை செய்பவர்.

நிற்பதென்றால் எவ்வாறு? எப்போதும் அருகே நின்றுகொண்டிருக்க எவராலும் இயலாது. இங்குதான் வழக்கு நுட்பமாகிறது.

நியூயார்க்கில் 1984 மார்ச் மாதத்தில் லிபி சியோன் என்ற 18 வயது மாணவி காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு மறுநாள் காலைக்குள் இறந்தாள். அவளைக் கவனித்தவர்கள் பயிற்சி மருத்துவர் இருவர். அவ்விருவருள் இளையவர் அவ்விரவில் ஏறத்தாழ நாற்பது நோயாளிகளைக் கவனிக்க வேண்டியிருந்தது. பொறுப்பான மூத்த மருத்துவருடன் தொலைபேசியில் பேசினார்கள். அவர் நேரில் வரவில்லை. அவள் முன்பே உட்கொண்டுவந்த மருந்துக்கும் அன்று கொடுத்த மருந்துக்கும் ஒவ்வாமை நேர்ந்திருக்கலாம் என்றார்கள். மரணத்தின் காரணம் நெடுநாள் வழக்காடப்பட்டது. அவள் தந்தை விடவில்லை. 1989இல் அம்மாநிலம் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரத்திற்கு 80 மணி என வரம்பு கட்டியது. இன்று உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த 80 என்னும் எண்ணைத்தான். ஆனால் அவ்விதிகளுக்குக் காரணமான குழுவுக்குத் தலைமை தாங்கிய பெர்ட்ரண்ட் பெல் என்னும் மருத்துவர், மணிக்கணக்கைவிட மேற்பார்வையே முதன்மையானது என்று பின்னரும் எழுதவேண்டியதாயிற்று. மணியை எண்ணிவிடலாம், இருப்பை எண்ணுவது அரிது. ஆதலால் எண்ணக்கூடியது சட்டத்தில் நிலைத்தது.

நம் நாட்டிலும் எண்ணுக்குக் குறைவில்லை. 1992இல் நடுவண் அரசு, ரெசிடெண்ட் மருத்துவரின் பணி வாரத்திற்கு 48 மணியை இயல்பாக மிகாதிருத்தல் வேண்டும் என ஆணையிட்டது. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, 74 மணிக்கு மிகாதிருத்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. சுற்றறிக்கைகளைப் படிப்பதே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: முப்பத்திரண்டு ஆண்டுகளில் உச்சவரம்பே உயரக் கண்டது எனக்கு இதுவே முதன்முறை.

என்னை மிகவும் வருத்தியது இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 2011 பிப்ரவரியில் நடந்தது. ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் கடும் நோயுடன் கொண்டுவரப்பட்டான். ஹடிசா பாவா-கார்பா என்னும் பயிற்சி மருத்துவர், மகப்பேற்று விடுப்பு முடிந்து அண்மையில் பணிக்குத் திரும்பியிருந்தவர், அன்று பல பிரிவுகளைத் தாமே கவனிக்க நேர்ந்தது. கணினி பழுதாகிச் சோதனை முடிவுகள் மணிக்கணக்கில் தாமதமாயின. பொறுப்பான மூத்த மருத்துவர் வேறூரில் வகுப்பெடுக்கச் சென்றிருந்தார். மாலையில் அவர் வந்ததும், அச்சிறுவனின் இரத்தச் சோதனை எண்களை இவர் சொன்னார். அவர் அவற்றைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஆனால் எழுந்து சென்று குழந்தையைப் பார்க்கவில்லை. பார்க்கும்படி இவரும் கேட்கவில்லை. அன்றிரவே அச்சிறுவன் இறந்தான்.

அப்பெண் மருத்துவர் பிழைகள் செய்தார். அதை எவரும் மறுக்கவில்லை. 2015இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 2018 ஜனவரியில் மருத்துவர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டு, ஆகஸ்டில் மேல்முறையீட்டில் அந்நீக்கம் விலக்கப்பட்டது. இச்சட்டப் போராட்டத்தில் யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. மகனை இழந்த தாயின் முன் நின்று எந்தத் தீர்ப்பையும் சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் விசாரணையில் அம்மூத்த மருத்துவர் சொன்ன ஒன்றை மறக்க இயலவில்லை. அவ்வெண்களை அவர் தமக்கு அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்றார்.

அழுத்திச் சொல்வது யார் கடமை? எங்கள் அலுவலகத்தில் நான் எழுதும் குறிப்பு பிரிவு அலுவலருக்குப் போகிறது, அவரிடமிருந்து சார்புச் செயலாளருக்கு, அப்படியே மேலே. மேலிருப்பவருக்குப் பிடிபடாத ஒன்று இருந்தால், "நேரில் பேசுக" என்று எழுதித் திருப்பி அனுப்புவார். நாளையோ மறுநாளோ பேசிக்கொள்ளலாம். கோப்புக்கு மூச்சு நிற்பதில்லை. பின்னர்ப் பிழை வெளிப்பட்டால் மேலிருந்தவர் கீழிருந்து வந்தபடி ஒப்பமிட்டேன் என்பார். கீழிருந்தவன் மேலிருந்தவர் ஒப்பியதுதானே என்பான். பொறுப்பைப் படிக்கட்டில் உருட்டிவிடும் இக்கலையில் நாங்கள் தேர்ந்தவர்கள். அக்கலை வார்டுக்குள் புகுந்ததை அந்த ஒரு வாக்கியத்தில் கண்டேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதால் அவர் அறிந்தவரானார். எழுந்து செல்லாததால் அறியாதவர்போல் நின்றார். நான் எண்ணுவது இது: கத்தியை மாணவன் கையில் கொடுக்கலாம், பொறுப்பை அதனோடு சேர்த்துக் கொடுத்துவிட இயலாது. தெரியாதவனிடம், தனக்குத் தெரியாதது எது என்பதை அழுத்திச் சொல் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்? அதைக் கேட்டறியத்தான் தெரிந்தவர் இருக்கிறார்.

என் தமக்கையின் மகள் இவ்வடநாட்டிலேயே ஒரு மருத்துவக் கல்லூரியில் எம்.டி. பயின்றாள். முதலாண்டில் விடுமுறைக்கு எங்கள் இல்லத்திற்கு வந்தவள் இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை. மூன்றாம் நாள் இரவு, "மாமா, ஒன்று சொல்ல வேண்டும்" என்று தொடங்கினாள். அவளுடைய வார்டின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் மூத்தவர்களின் தொலைபேசி எண்கள் இருந்தன. அவற்றுள் ஓர் எண்ணை எவரும் இரவில் அழைப்பதில்லை. அழைத்தால், "இதுகூடத் தெரியாமல் எப்படி இங்கு வந்தாய்?" என்ற கேள்வி காலையில் அனைவர் முன்னும் வரும். ஓரிரவு இரண்டு மணிக்கு ஒரு நோயாளியின் மூச்சு வேறுபட்டது. இவளுக்கு ஐயம். தானே சமாளிக்கலாம் என்று எண்ணினாள். அல்லது, அவளே திருத்திச் சொன்னவாறு, சமாளிக்கலாம் என்று எண்ண விரும்பினாள். ஆறு மணிக்கு அழைத்தாள். அந்நோயாளி பிழைக்கவில்லை. இரண்டு மணிக்கே அழைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பது எவருக்கும் தெரியாது. "தெரியாது என்பதுதான் மாமா என்னை விடமாட்டேன் என்கிறது" என்றாள்.

அம்மூத்தவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் பணியில் தவறினார் என்று எந்த ஏட்டிலும் காட்ட முடியாது, எண் எழுதிவைக்கப்பட்டிருந்தது, அழைக்கப்பட்டிருந்தால் அவர் வந்திருக்கவும் கூடும். ஆனால் என் தந்தையார் கட்டிலருகே "நான்கு பேருக்கு" என்று உண்மை சொல்லி, கையுறையைக் கழற்றி, வெளியே சென்று அழைத்த அப்பெண்ணை நினைத்துக்கொண்டேன். அவளுக்கு அத்துணிவு எங்கிருந்து வந்தது? அவளுடைய குணத்திலிருந்து என்று அன்று நினைத்தேன். என் மருமகளும் குணத்தில் குறைந்தவள் அல்லள். அழைத்தால் வருவார், வந்தால் இகழமாட்டார் என்பதை அவள் முன்னரே அறிந்திருந்தாள். எனக்குத் தெரியவில்லை என்ற சொல்லை அச்சமின்றிச் சொல்லும்படி ஒருவர் அவளைப் பழக்கியிருந்தார். அந்தப் பழக்கம்தான் அன்றிரவு என் தந்தையாரைக் காத்தது. அரை விரற்கடைத் திருத்தம் அதன்பின் வந்தது.

மூத்த மருத்துவர்களின் சுமையை அறியாது பேசுவதாக எவரும் கருதலாகாது. ஒரு முற்பகலில் நூற்றுக்கணக்கான வெளிநோயாளிகள், அறுவைக் கூடம், மாணவர்களின் ஆய்வேடு, ஆய்வுக் குழுக்களின் வருகை, நீதிமன்றச் சாட்சியம் எனப் பலவும் அவர்கள் தலைமேல். மேலும், விடாது பின்னே நின்று ஒவ்வோர் ஊசியையும் பிடுங்கிக்கொள்பவரும் நல்லவர் அல்லர். அத்தகையோரிடம் பயின்று, பட்டம் பெற்றும் கை பழகாமல் வெளியேறுவோர் உண்டு; அவர்களுடைய முதல் நோயாளி, பின்னே ஒருவருமில்லாத சிற்றூர் மருத்துவமனையில் காத்திருப்பார். பயிற்சிப் பதிவேட்டில், செய்யாததையும் செய்ததாக எழுதி, ஆண்டிறுதியில் ஒரே அமர்வில் மூத்தவரிடம் கையொப்பம் வாங்குவதுண்டு என்று என் மருமகள் சொன்னபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. அவ்வகைக் கையொப்பம் எனக்குப் பழக்கமானது.

அவள் இப்போது படிப்பை முடித்து, வேறொரு மருத்துவமனையில் சீனியர் ரெசிடெண்ட். முன்பு எந்த எண்ணை அழைக்க அஞ்சினாளோ, அத்தகைய எண் இப்போது அவளுடையது. சென்ற பொங்கலன்று எங்கள் வீட்டிற்கு உண்ண வந்திருந்தாள். இலையில் இரண்டாம் முறை சோறு விழுந்த வேளையில் தொலைபேசி ஒலித்தது. இடக்கையால் எடுத்துக் கேட்டாள். "சரி, நல்லதாயிற்று அழைத்தாய்" என்று இந்தியில் சொன்னாள். பிறகு இரண்டு கேள்விகள். விடையை முழுதும் கேட்டாள். "அரை மணியில் வருகிறேன். அதுவரை அவரைவிட்டு நகராதே" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தாள். "சாப்பிட்டுவிட்டுப் போகலாகாதா?" என்று என் மனைவி கேட்டாள். "வந்து சாப்பிடுகிறேன், அத்தை" என்று செருப்பை மாட்டிக்கொண்டே மறுமொழி சொன்னாள். என் மனைவி இன்னோர் இலையை எடுத்துவந்து அந்த இலையை மூடிவைத்தாள்.